சித்தி மடத்தில் போட்ட சத்தம்

அன்புள்ள அம்மாவுக்குத் தோத்திரம்.

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வீம்புக்கு மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கன்னியாஸ்திரியாகிக் கடல் தாண்டியதும் உங்கள் தங்கைக்கு நாமெல்லாம் அந்நியமாகிவிட்டோம் என்று போனில் அழுதீர்களே, அது தவறு.

திங்கள் காலை சித்தியின் மடத்தில் ஹீட்டர் பழுது பார்க்கப் போனேன். காலை ஜெபம் முடியும்வரை அங்கே யாரும் பேசக் கூடாது. ஏணியில் நின்றபடி, “மெயின் ஆஃப் பண்ணியாச்சா, சித்தி?” என்றேன். பொறு என்று கை காட்டினார். ஆயிற்று என்று எடுத்துக்கொண்டு ஒயரைத் தொட்டேன். டெஸ்டர் பையிலேயே இருந்தது. லேசான ஷாக்தான், பயப்பட வேண்டாம்.

சித்தி போட்ட சத்தத்தில் மடமே கூடிவிட்டது. “எருமை, கை காட்டினா நிக்க மாட்டியா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கக்கா மூஞ்சியில எப்படிடா முழிப்பேன்?”

தமிழ் தெரியாத மதர், என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

“ஜெபம்தான் மதர், கொஞ்சம் சத்தமா வந்துடுச்சு.”

கணக்கு வகுப்புக்கு மணி அடிக்கும்வரை சித்தி என் கையை விடவில்லை. பகலில் பாடம், மாலையில் விடுதிப் பிள்ளைகள் என்று ஓடுகிறார். அதனால்தான் போன் இல்லை.

அவருக்குக் கம்பளிக் காலுறை நிறைய அனுப்புங்கள். ஒரு ஜோடி என்றால் யாருக்காவது கொடுத்துவிடுவார். எனக்கு உங்கள் பழைய சேலை ஒன்று போதும், தலையணை உறைக்கு. புதிது வேண்டாம், அது சொரசொரக்கும்.

மதரிடம் அனுமதி வாங்கிவிட்டார், சனிக்கிழமை உங்களுக்குப் போன் செய்வார். என்னைப் பற்றிக் கோள் சொல்லத்தான். அவர் பக்கமே பேசுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகன்