ஓப்பல் போடத் தயங்கிய கையெழுத்து

ஸ்டில்வெல் பள்ளத்தாக்கு, கென்டக்கி
மார்ச் 4, 2018

அன்புத் தங்கை டெல்ஃபாவுக்கு,

உன் கடிதமும் அந்த உதவித்தொகைக் காகிதமும் வந்தன. மருந்துக்கடைப் படிப்புக்கு முழுச் செலவும் அவர்களுடையதாம். பதிலுக்கு இரண்டு வருடம் நீ நம் ஊர்க் கடையில் வேலை பார்க்க வேண்டுமாம். அதற்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். சும்மா கொடுக்கிறவனை இந்த மலையில் நான் பார்த்ததே இல்லை. தாத்தா நிலக்கரிக் கம்பெனிக்காரன் நீட்டிய பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல் போட்டார். அடியில் இருந்த கரியெல்லாம் அவனுக்குப் போய், மேல்மண் மட்டும் நமக்கு மிஞ்சியது.

வேறு ஊரே கிடைக்கவில்லையா உனக்கு? அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் யார் யார் வீட்டு மருந்து தெரியும்? அதை முதலில் எழுது.

பீன்ஸ் ஜாடி இரண்டு அனுப்பியிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ஓப்பல்

லெக்சிங்டன்
மார்ச் 9

அன்புள்ள அக்கா,

முப்பதாம் தேதிக்குள் கையெழுத்து வராவிட்டால் என் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். நம் ஊருக்கு இருப்பதே ஒரு கடை. அதில் ஆள் இல்லாமல் வாரத்தில் இரண்டு நாள் பூட்டு.

மருந்து விவரம் தெரியுமா என்று நீ கேட்டதுதான் என்னைக் குடைகிறது. அத்தானுக்கு இன்சுலின் தினம் ஒரு ஊசி. கிறிஸ்துமஸுக்கு நான் வந்த அன்று குத்தி முடித்த ஊசிகளைப் போட்டுவைக்கும் காபி டப்பா காலி. நாலு நாளில் அதில் எட்டு ஊசி கிடந்தது. நம் பள்ளத்தாக்கில் போதை ஊசியால் செத்துப்போனவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். அத்தான் போதையில் விழுந்துவிட்டாரா? நீ அதைத்தான் மறைக்கிறாயா?

டெல்ஃபா

ஸ்டில்வெல் பள்ளத்தாக்கு
மார்ச் 14

டெல்ஃபா,

மீதி நாலும் என்னுடையவை. எனக்கும் சர்க்கரை. ஆகஸ்டில் கோழிக்கூண்டுப் பக்கம் மயங்கி விழுந்தேன். எனக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது, கைக்காசு போட்டு இன்சுலின் வாங்கக் கட்டாது. அவருடையதை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொள்கிறோம். மருந்து போதாமல் அவர் கால்விரல் கறுத்துவிட்டது. கேட்டால், "நீ படுத்துட்டா எனக்கு யாருடி சோளரொட்டி சுடுவா?" என்று சிரிக்கிறார்.

நீ அந்தக் கடையில் நின்றால், எல்லாம் தெரிந்தும் அவர் மருந்தை என் கையில் தர வேண்டும். பொய் சொல்வாய், இல்லை வேலையை விடுவாய். அதனால்தான் தாத்தாவைச் சாக்குச் சொன்னேன்.

என் கண் மங்கிவிட்டது. கிறுக்கலாக நானே எழுதிவிடுகிறேன், வருகிறதை வாசிப்பது உன் அத்தான் டென்சில்தான். உன் கடிதத்தையும் அவர்தான் வாசித்தார். போதை என்ற இடத்திலும் குரல் மாறவில்லை. முடித்துவிட்டு, "காகிதத்த எடு, கையெழுத்தப் போடு" என்றார். போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீ வந்ததும் நாங்கள் பக்கத்து மாவட்டத்துக் கடைக்குப் போய்க்கொள்கிறோம்.

ஓப்பல்

லெக்சிங்டன்
மார்ச் 17

அன்புள்ள அத்தான்,

இதையும் அக்காவுக்கு நீங்கள்தான் வாசிப்பீர்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

கறுத்த விரலோடு ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. கடிதம் கிடைத்ததும் பக்கத்து வீட்டு ஆர்லியின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அக்காவுக்கு இங்கே இலவச மருத்துவமனையில் பெயர் கொடுத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை, 24-ஆம் தேதி, வந்து கூட்டிப்போகிறேன். காகிதத்தையும் கொடுத்தாயிற்று. நான் நம் ஊர்க் கடையில்தான் நிற்பேன். நீங்கள் இருவரும் அங்கேதான் வர வேண்டும், அவரவர் பெயரில், அவரவர் மருந்துக்கு.

போதை என்று நான் எழுதிய அந்த ஒரு வரியை வாசிக்காமல் நீங்கள் தாண்டியிருக்கலாம், அத்தான். அக்காவுக்குத் தெரிந்தே இருக்காது. நீங்கள் தாண்டவில்லை. அப்படிப்பட்டவரைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

டெல்ஃபா