பிளாஸ்க் காலி

என்னங்க,

பள்ளிவாசலிலிருந்து வந்ததும் டீ பிளாஸ்க்கைத்தான் தூக்குவீர்கள் என்று தெரியும். அதனால்தான் இந்தச் சீட்டை அதன் அடியில் வைத்தேன். பிளாஸ்க் காலி. நான் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் டோக்கனுக்கு வரிசை பிடிக்கப் போகிறேன். எட்டு மணிக்குள் பழைய ரிப்போர்ட்டுகளோடு வந்துவிடுங்கள். சூரமங்கலம் ஸ்டாப்பில் யார் கூப்பிட்டாலும் டீக்கடைப் பக்கம் திரும்பாதீர்கள்.

போன தடவை நர்ஸ் "வெறும் வயித்துல வாங்க" என்றதை நோன்பு என்று நினைத்து, விடியுமுன் எழுந்து சஹர் சாப்பிட்டுவிட்டுப் போனீர்களே! "ஏதாச்சும் சாப்புட்டீங்களாய்யா?" என்றால், "சஹர் மட்டுந்தாம்மா" என்று பெருமை வேறு. ஸ்கேன் எடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்; வயிற்றிலிருப்பது என்ன கட்டி என்றே தெரியாமல் நாற்பத்தொரு நாள் ஓடிவிட்டது. நான் நாலு நாள் பேசாமல் இருந்தது தப்பா?

கேஸ் சிலிண்டர் வரும், சாவியை எதிர்வீட்டு கௌசியாவிடம் கொடுங்கள். பிரிட்ஜில் கறிக்குழம்பு இருக்கிறது. ஸ்கேன் முடிந்து வந்து சேர்ந்து சாப்பிடலாம்.

அஜீஸுன்னிசா

மறந்துவிட்டேன்: கண்ணாடி டிவி மேல் இருக்கிறது.

இன்னொன்று. அன்றைக்கு உங்களை சஹருக்கு எழுப்பி, "இன்னும் ஒரு கரண்டி" என்று சோறு போட்டவள் நான்தான். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் திட்டினேன், அப்போதும் நீங்கள் அதை ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்டவில்லை. இன்றைக்கு நானும் வெறும் வயிறுதான்.