ஏரியில் கெளுத்தி அடித்தது

ஆடி, செவ்வாய்

காலையில் தூறல். ஏரிக்கரையில் இருந்தவர்கள்: யுனிவர்சிட்டியிலிருந்து ஏரி ஆராய்ச்சிக்கு வந்த வினோதா, கூடப் படிக்கும் சைமன், மீன் குத்தகைக்காரன் நாகராஜ், அவன் ஆட்கள் திம்மராயன், சீனப்பன், அவனுடைய மீன் வண்டி ஓட்டும் என் மகன் கோவிந்தராஜ், நான். வேறு யாரும் இல்லை.

நேற்று வினோதாவும் சைமனும் வலை போட்டு ஆப்பிரிக்கக் கெளுத்தி பிடித்தார்கள். உத்தரவு வாங்கித்தான். அரசாங்கம் தடை செய்த மீன். நாகராஜ் கோழிக்கடைக் குடலைக் கொட்டி வளர்த்தது. விரால், தவளை, வாத்துக் குஞ்சு எல்லாம் அதன் வயிற்றில். அதை ஒழித்தால்தான் பழைய மீனை ஏரியில் விட முடியும் என்கிறாள் வினோதா. பிடித்ததைக் குழியில் போட்டுவிட்டு வந்தோம். தண்ணீர் இல்லை, செத்துவிடும் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். தூறலில் பாதி ஊர்ந்து ஏரிக்கே போய்விட்டது.

மிச்சத்தை அடிக்க ஆரம்பித்தோம். நான் உலக்கையால். லேசில் சாகவில்லை. மண்டை பிளந்த பிறகும் வாலால் அறைந்தது. சேலையெல்லாம் ரத்தம். சைமன் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். வினோதா எடுக்கவில்லை. அவளைப் பிடித்திருக்கிறது.

நாகராஜ் ஆட்களோடு மீன் வண்டியில் வந்தான். பரிசல் துடுப்பால் வினோதா முகத்தில் வீசினான். விழுந்தவளைத் திரும்பவும். தடுக்கப் போன சைமனை அவன் ஆட்கள் இருவரும் பிடரியைப் பிடித்துத் தண்ணீரில் முக்கினார்கள். திம்மராயன் முழங்காலில் உலக்கையை இறக்கினேன். எலும்புச் சத்தம். சந்தோஷம். கோவிந்தராஜ் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

புதன்

வெயில். ஓசூர் ஆஸ்பத்திரி. வினோதாவுக்கு வலது கண் போய்விட்டது. பரிசல் கவிழ்ந்து துடுப்பில் மோதிக்கொண்டாள் என்று நாகராஜ் ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறான். சைமனை அவன் அப்பா ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார். முக்கும்போது எதையும் பார்க்கவில்லையாம். ஊர்க்காரர் ஒருத்தர் சாட்சி சொன்னால்தான் கேஸ் நிற்கும், இல்லையென்றால் ஏரி நாகராஜ் கையிலேயே இருக்கும்.

பன் புளித்திருந்தது. நாத்தனார் வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் கல்யாணப் பந்தியில் என் அம்மா இலையைத் தாண்டி அடுத்த இலைக்குக் குழம்பு ஊற்றியவள்.

வினோதா வாயைத் திறந்து கேட்டது இதுதான்: "பாட்டி, குழில மிச்சம் இருந்ததையும் அடிச்சிட்டீங்களா?"

"அடிச்சிட்டன் பாப்பா."

பொய். போய் அடிக்க வேண்டும்.

வியாழன்

காற்று. ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனேன். எல்லாம் சொன்னேன். யார் எங்கே நின்றது, எந்தக் கையில் துடுப்பு, நாகராஜ் கட்டியிருந்த பச்சை லுங்கி, நான் திம்மராயன் காலை உடைத்தது. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே வந்தார்.

கோவிந்தராஜ் வந்தான். நான் கூப்பிடவில்லை. என் தோளில் கையை வைத்தான்.

"சார், அம்மாவுக்கு வயசாயிடுச்சுங்க. காத்தால தின்னது சாயந்திரம் நெனப்பு இருக்காது. பரிசல் கவுந்து அந்தப் பொண்ணேதான் அடிபட்டுக்கிச்சு. நான் பாத்தன்."

பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் எனக்கு டீ சொன்னார்.

தோளில் இருந்த கையைக் கடித்தேன். பல் எலும்பு வரை போயிற்று. போலீஸ்காரி என் முடியைப் பிடித்து இழுத்துத்தான் விலக்கினாள்.

"பாத்தீங்களா சார், இப்பிடித்தாங்க," என்றான், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

திம்மராயன் கணக்கு முழங்காலோடு தீர்ந்தது. நாகராஜைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாகும்வரை மன்னிக்க மாட்டேன், கோவிந்தராஜை.