ஒன்றாம் சேனல்

மார்ச் 4, புதன்

கலவை மெஷின் மோட்டார் மறுபடியும் நின்றது. ஈர வயரில் டேப் சுற்றி வைத்தது யார் என்று கேட்டால் சைட்டே ஊமையாகிவிடுகிறது. மொட்டைதான், எனக்குத் தெரியும். கிரேனுக்குச் சைகை காட்டுவது அவன் வேலை, வயரில் கை வைப்பது அவன் பொழுதுபோக்கு. திட்டினேன். சிரித்தான். அவனிடம் கோபத்தை ஐந்து நிமிஷத்துக்கு மேல் பிடித்து வைக்க முடிவதில்லை.

சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "லிப்ட் சுவரு ஒன்பதாவது மாடி தாண்டினதிலிருந்து பின்பக்கம் எனக்குத் தெரியறதே இல்லடா. மொட்டை கீழ கை காட்டுறான். அதைப் பார்த்து மேல ஒருத்தன் காட்டுறான். அதைப் பார்த்து நான் லீவரைத் தொடுறேன். நடுவுல இருக்கறவன் கொட்டாவி விட்டா நான் என்ன பண்ணட்டும்?"

அக்கா டவர் கிரேன் ஓட்டுகிறாள். அதே சைட்டில் நான் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ். அந்த ஏணியில் தினமும் ஏறி இறங்கித்தான் என்னை எலக்ட்ரானிக்ஸ் படிக்க வைத்தாள். அதை இதுவரை ஒரு தடவைகூட அவளிடம் சொன்னதில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

வாக்கி டாக்கி வேண்டும். மேனேஜரிடம் கேட்டால் "பார்க்கலாம்" என்பார். அவர் பார்ப்பதற்குள் கட்டிடம் முடிந்து ஆள் குடியேறி வாசலில் செடி வைத்துவிடுவார்கள். நானே ஆன்லைனில் ஆறு செட் ஆர்டர் போட்டுவிட்டேன். இறக்குமதி. ஒரு செட், ஒரு ஜோடி செருப்பு விலை.

லைசென்ஸா? அமெச்சூர் ரேடியோ பரீட்சை பாஸ் செய்தவன் நான். அது போதும்.

மார்ச் 9, திங்கள்

பார்சல் வந்தது. இந்த விலைக்கு இந்தச் சத்தம் ஆச்சரியம்தான். பேட்டரி நன்றாக நிற்கிறது.

சேனலை மாற்ற வேண்டுமானால் கேபிள் சொருகி கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். கேபிள் கூடவே வந்தது. கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மூன்று தடவை முயன்றேன். எரிச்சல். பெட்டியிலிருந்து வந்தபடியே ஒன்றாம் சேனலில் ஆறும் ஒன்றோடொன்று பேசுகின்றன. அது போதாதா? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 10, செவ்வாய்

எல்லோருக்கும் கொடுத்தேன். அக்கா கேபினிலிருந்து, "டேய், நீ பக்கத்துல நிக்கற மாதிரி இருக்குடா" என்றாள். மொட்டை காலையிலிருந்து பாட்டு வேறு பாடுகிறான்.

மேஸ்திரி மட்டும் தொடமாட்டேன் என்கிறார். கம்பிக்கட்டு இறங்கும் இடத்தில் அதைத் தாங்க அடிக்கட்டை போடுவதெல்லாம் அவர் மேற்பார்வை, அவருக்குத்தான் அதிகம் வேண்டும். "இந்தக் கிலுகிலுப்பையெல்லாம் எனக்கு எதுக்கு? அந்தப் பொண்ணு கண்ணைத் திறந்து ஓட்டினா போதும்." மூன்று வருஷமாக அக்கா அவருக்கு 'அந்தப் பொண்ணு'தான். மொட்டை பின்னால் போய் அவர் பெல்ட்டில் ஒன்றைச் சொருகிவிட்டான். கழற்றத் தெரியாமல் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே திரிந்தார்.

மார்ச் 13, வெள்ளி

இன்றைக்கு மூன்று தடவை வேறு யாரோ பேசுகிற குரல். சிமென்ட் என்கிறான், டீ என்கிறான். சேனலை மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துவிடுகிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

தூங்கிவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று நடந்தது. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பதினொன்றேகால் மணி. ஒரு கட்டுக் கம்பி பின்பக்கம் இறங்க வேண்டும். லிப்ட் சுவருக்குப் பின்னால், அக்கா கண்ணுக்குத் தெரியாத இடம். தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் கம்பி வந்ததும் மொட்டை "நிறுத்துங்க" என்றான். நிறுத்தினாள். அடிக்கட்டை கோணலாக இருந்தது. மேஸ்திரி உள்ளே போய்க் குனிந்தார், பெல்ட்டில் இன்னும் மொட்டை சொருகிய செட். தொங்குகிற சுமைக்குக் கீழே போகக் கூடாது. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் போவார்கள்.

அப்போது ரேடியோவில், "இறக்குங்க, இறக்குங்க, மெதுவா."

அது மொட்டை இல்லை. நான் அவனுக்குப் பத்தடியில் ஜங்ஷன் பாக்ஸ் முன்னால் நின்றிருந்தேன், அவன் வாய் மூடியிருந்தது. ஆனால் மேலே இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? இந்தச் செட்டில் எல்லாக் குரலும் ஒரே தகரக் குரல். கம்பி இறங்க ஆரம்பித்தது. மொட்டை பட்டனை அழுத்திக் கத்தினான். போகவில்லை. அந்த ஆள் பேசிக்கொண்டே இருக்கிறான், நாங்கள் கான்கிரீட் சுவருக்குப் பின்னால். எவன் சத்தம் பலமோ அவன்தான் மேலே கேட்பான். இது பரீட்சையில் நான் முழு மார்க் வாங்கிய கேள்வி.

மேஸ்திரி குனிந்தபடியே இருக்கிறார். நானும் கத்தினேன். பக்கத்தில் கம்பி வெட்டும் மெஷின் ஓடுகிறது. எங்கள் கத்தல் அவர் காதில் விழவில்லை.

அப்புறம் ரேடியோவில், "அண்ணே, இன்னும் கொஞ்சம் இறக்குங்க."

கம்பி நின்றது.

மேஸ்திரியின் ஹெல்மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு முழம். நான் அளக்கவில்லை. ஆனால் அது ஒரு முழம்தான், கண்ணை மூடினால் தெரிகிறது.

சாயங்காலம் அக்கா சொன்னாள்: "என்னைப் போய் எவன்டா அண்ணேன்னு கூப்பிடுவான்? அந்த நிமிஷமே கையை எடுத்துட்டேன்."

ஒரே ஒரு சொல். யாரோ தெரியாத ஒருவன் யாரையோ மரியாதையாகக் கூப்பிட்டதால் ஒரு மனுஷன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார். நான் என்ன செய்தேன்? தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நல்லாத் தூங்கினேன்டா.

மார்ச் 18, புதன்

அக்காவைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆபரேட்டர் கார்டை மேனேஜர் வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். விசாரணை அடுத்த வெள்ளி. "சைகை இல்லாம சுமையை இறக்கினது ஆபரேட்டர் தப்பு. கார்டு ரத்துக்கு எழுதிடுவேன்" என்கிறார். கார்டு போனால் வேறு எந்தக் கிரேனிலும் ஏற முடியாது. பதினோரு வருஷ வேலை.

வேறு குரல் வந்தது என்று சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. எந்தக் குரல்? கூட்டிட்டு வா."

அக்கா வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேல் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 19, வியாழன்

லீவு போட்டேன். ஒரு செட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். பேசவில்லை, கேட்க மட்டும். சத்தம் கூடும் பக்கம் திரும்பு, குறைந்தால் வந்த வழி போ. இரண்டு மணி நேரம். ஆஸ்பத்திரி தாண்டி, பர்னிச்சர் கடைகள் தாண்டி, ஒரு தகரவேலி. உள்ளே இன்னொரு கிரேன். மேலே மொட்டைமாடி விளிம்பில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவன் கையில் என் செட். அச்சு அசல் அதே மாடல். "அண்ணே, வலது பக்கம் திருப்புங்கண்ணே" என்றான்.

அவன் வாய் அசைந்ததும் என் பையில் சத்தம் வந்தது. அங்கேயே செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மஞ்சள் ஹெல்மெட் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தான். நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே முகம் வெளுத்துவிட்டது. "நான் சொன்னதுக்கா? சார், நான் எங்க ஆளுக்குத்தானே சொன்னேன்." உன் தப்பில்லை என்றேன். அவர்களும் ஆன்லைன்தான், அவர்களும் ஒன்றாம் சேனல்தான், அவர்களுக்கும் கேபிள் வேலை செய்யவில்லையாம்.

விசாரணையில் வந்து சொல்வாயா என்று கேட்டேன். தாடையைச் சொறிந்தான். "வேலைக்கு வம்பு வருமா?" வரலாம் என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"உங்க அக்கா எத்தனை வருஷமா ஓட்டுறாங்க?"

"பதினொண்ணு."

"வர்றேன் சார்."

இவனை எனக்கு யாரென்றே தெரியாது.

மார்ச் 23, திங்கள்

மஞ்சள் ஹெல்மெட் சொன்னால் மட்டும் போதாது, தாளில் வேண்டும் என்று மொட்டை சொன்னான். மொட்டைக்கு இருக்கிற அறிவு சில நாள் எனக்கு இருப்பதில்லை. ஆறு செட்டையும் எடுத்துக்கொண்டு, ரேடியோவுக்கு அனுமதி தரும் அரசு வயர்லெஸ் அலுவலகத்துக்குப் போனேன். போனால் நான்தான் முதலில் மாட்டுவேன், தெரியும்.

இரண்டாவது மாடி, மின்விசிறி கிறீச்சிடுகிற அறை. அதிகாரி ஒரு அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி. என் சான்றிதழைப் பெருமையாக நீட்டினேன்.

"இது எதுக்கு?"

"லைசென்ஸ் மேடம்."

"தம்பி, இது உங்க ஒருத்தருக்கு. வீட்ல உட்கார்ந்து பொழுதுபோக்காப் பேசறதுக்கு. வேலைக்கு இல்ல, மத்தவங்களுக்கும் இல்ல. பைக் லைசென்ஸ வெச்சுக்கிட்டு பஸ்ல ஆள் ஏத்துவீங்களா?"

சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"பேட்டரியைக் கழட்டுங்க. அனுமதி ஸ்டிக்கர் எங்க?"

"இல்ல மேடம்."

"இல்லன்னு தெரிஞ்சு வாங்கினீங்களா, தெரியாம வாங்கினீங்களா?"

"பார்க்காம வாங்கினேன்."

"அதுக்கு இந்த ஃபார்ம்ல கட்டம் இல்ல." கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆறு செட்டையும் ஒரு கவரில் போட்டு அரக்கு வைத்துவிட்டார். அபராதம் என் பெயரில். ஆனால் அரக்கு வைக்கும் முன்பே, மதியம், மீட்டரோடு ஒருவரைச் செட்டுகளுடன் என் கூடவே அனுப்பியிருந்தார். இரண்டு சைட்டிலும் அளந்து பார்த்தார்கள். ஒரே அலைவரிசை, எங்கள் கேபின் உயரத்தில் அவர்கள் குரல் எங்கள் குரலைவிடப் பலம். அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடைசி வரி: 'மேற்படி நபர் தாமாகவே முன்வந்து தெரிவித்தார்.'

கடிதத்தைக் கொடுக்கும்போது, "மலிவா வாங்கறது தப்பில்ல தம்பி. ஸ்டிக்கர் இருக்கற மலிவும் இருக்கு. கம்பெனி பேர்ல எழுதிக் கேட்டா உங்களுக்குன்னு தனியா அலைவரிசை தருவோம். கேட்கறதுக்குத்தான் யாருக்கும் பொறுமை இல்ல" என்றார்.

படியிறங்கும்போது வேறு ஒருவனாக இருந்தால் இவரைக் கல்நெஞ்சுக்காரி என்றிருப்பான். நான் அந்த வரியைப் படிக்கட்டில் நின்று நான்கு தடவை படித்தேன்.

மார்ச் 27, வெள்ளி

விசாரணை. சைட் ஆபீஸில் ஐந்து நாற்காலி, பத்துப் பேர். கடிதத்தை மேனேஜர் இரண்டு தடவை படித்தார். மஞ்சள் ஹெல்மெட் வந்தான், அயர்ன் செய்த சட்டையில். சொல்ல வேண்டியதைச் சொன்னான். நானும் சொன்னேன்: செட் வாங்கியது நான், கேட்காமல் கொடுத்தது நான், குரல் கேட்டும் சேனலை மாற்றாமல் தூங்கியது நான்.

மேனேஜர் விடவில்லை. "எந்தக் குரல்னு பார்க்க வேண்டியது ஆபரேட்டர் பொறுப்பு இல்லையா?"

மூலையில் நின்ற மேஸ்திரி வாயைத் திறந்தார். அவரை யாரும் கேட்கவே இல்லை.

"கம்பிக்கடியில தலையக் குடுத்தது நானு. அதை யாரும் எழுதல. என் இடுப்புல கிடந்த கிலுகிலுப்பையும் இறக்குங்கன்னுதான் சொல்லுச்சு. மொட்டைதான்னு நானே நினைச்சேன்."

"நினைச்சும் ஏன் நகரல?"

"மொட்டை சொல்றத நான் என்னைக்குங்க கேட்டிருக்கேன்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். மேனேஜரும். மேஸ்திரி சிரிக்கவில்லை.

"அண்ணேன்னு ஒரு சத்தம் வந்துச்சு, அந்தப் பொண்ணு நிறுத்திருச்சு. வேற எவனா இருந்தாலும் அவசரத்துல அதைக் கவனிச்சிருக்க மாட்டான். கார்டைக் குடுத்துருங்க."

கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 28, சனி

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். ஆறு மாதத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது. என் தப்புக்கு இது குறைவுதான்.

அக்காவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். "அக்கா" என்று ஆரம்பித்தேன். "உப்பா? அந்தப் பக்கம் இருக்கு பாரு" என்றாள். உப்பு எடுத்துக்கொண்டேன். சாப்பிட்டு எழுந்து போகும்போது தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவளுக்குத் தெரியும் போல.

ஏப்ரல் 20, திங்கள்

கம்பெனி பெயரில் லைசென்ஸ் வந்தது. விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன், பதினான்கு பக்கம், ஒரு கட்டம் விடாமல். மஞ்சள் ஹெல்மெட் சைட்டுக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர்களுக்கு வேறு அலைவரிசை. புது செட்டுகளும் இறக்குமதிதான், விலையும் ஏறக்குறைய அதேதான். பேட்டரிக்குப் பின்னால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர். எட்டுச் செட்டையும் கழற்றிப் பார்த்தேன். எட்டிலும் இருந்தது.

அக்கா ஒரு விதி போட்டிருக்கிறாள். பட்டனை அழுத்தினால் முதல் சொல் 'அக்கா'. அப்புறம்தான் வேலை. அவள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் லீவர் அசையும். முதல் சொல் இல்லையென்றால் அவளுக்குக் காது கேட்காது. தனி அலைவரிசைதான் வந்துவிட்டதே என்றேன். "வரட்டும்" என்றாள்.

ஏப்ரல் 22, புதன்

மொட்டைக்குப் பல்வலி. கன்னம் பந்தாக வீங்கி டாக்டரிடம் போய்விட்டான். பின்பக்கம் கம்பி தொங்குகிறது. சைகை ட்ரெயினிங் எடுத்தவர் அவனை விட்டால் மேஸ்திரி ஒருவர்தான். யாரும் கம்பிக்கடியில் இல்லை, கயிறு கட்டி வேலி போட்டிருக்கிறோம்.

செட்டை நீட்டினேன். முறைத்தார். வாங்கினார், பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும். எந்தப் பட்டன் என்று கேட்காமல் என்னைப் பார்த்தார். காட்டினேன். அழுத்தினார். விட்டுவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி அழுத்தினார்.

அவர் அக்காவைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"அக்கா," என்றார். செட்டை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். "ஒரு முழம் இறக்குங்க."

மேலேயிருந்து பதில் வந்தது.

"ஒரு முழம் இறக்குறேண்ணே."

ஒரு முழம் இறங்கி நின்றது.