யாருக்குத்தான் கால் வீங்காது

மார்ச் 3, செவ்வாய்

நாத்தனாருக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய், உனக்கு ஆயுசு கெட்டி. ஐம்பது வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. என் பேத்தி உன் வீட்டு மாடியில் ஏழு மாத வயிற்றோடு இருக்கிறாளே, அதனால் எழுதுகிறேன். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவளை டீச்சராக மாற்றினார்கள், மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், எல்லாம் சரி. "அத்தை வீடு இருக்கும்போது வாடகை வீடு எதுக்கு?" என்று என் மகன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன்னிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறான். பத்து மாதம் சுமந்தவள் நான், பரிந்து பேசுவது உனக்கு!

போனில் சொல்லலாமே என்பாய். சொல்லலாம், உன் குரலைக் கேட்க வேண்டியிருக்குமே.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் ஒரு நர்ஸம்மா என் கட்டிலருகில் நின்று சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறக்கவில்லை. எழுதுகிறேன், சுவரில் ஒட்டி வை.

"ரெண்டு உசிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று தட்டில் மலை கட்டாதே. கீரை, பருப்பு, முட்டை, பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடு. இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்க விடாதே, சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறோடு கொடு. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். சாயங்காலம் நடக்கட்டும், ஆனால் உன் சலவைக்கூடத்து ஈரத் தரையில் வேண்டாம். வகுப்பில் நாள் முழுக்க நிற்க வேண்டாம், நாற்காலி கேட்டு வாங்கட்டும். டாக்டர் சொன்ன தேதியில் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்தாக வேண்டும்.

தலைவலி, கண் மங்கல், முகத்திலோ கையிலோ வீக்கம், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, பிள்ளை அசைவதில் குறைவு, உதிரம். இதில் ஒன்று கண்டாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. நாற்பது விரிப்பு முடிந்த பிறகு அல்ல.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஓட்டல் விரிப்பு நாற்பதும் விடிந்தால் போக வேண்டும் என்று, தலை பிளக்க நின்றவள் கையில் இஸ்திரிப் பெட்டியைத் திணித்தாய். "ஏழாம் மாசத்துல யாருக்குத்தான் கால் வீங்காது அண்ணி?" என்றாய். உனக்கு இருபத்திரண்டு, எனக்கு இருபது. முப்பத்தோராவது விரிப்பில் எனக்கு வலிப்பு வந்தது.

இப்படிக்கு,
உன் செத்துப்போன அண்ணனின் பெண்டாட்டி


மார்ச் 9, திங்கள்

அண்ணிக்கு நமஸ்காரம்.

கடிதம் கிடைத்தது. உறையைப் பிரித்ததும் கை சுட்டது. எழுபது வயதிலும் உங்கள் வாய் அப்படியே இருப்பதில் சந்தோஷம்.

உங்கள் பேத்தி என் வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாள். மாடிப்படி ஏறக் கூடாது என்று நான்தான் கீழ் அறையைக் காலி செய்து கொடுத்தேன். நான் மாடியில். எழுபத்திரண்டு வயதில் பதினெட்டுப் படி, ஒரு நாளைக்கு ஆறு தரம். இதை உங்கள் மகன் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான், உங்கள் முன்னால் அவனுக்கு வாய் ஏது!

மாத்திரை, பழம், நடை எல்லாம் நடக்கிறது. உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டினேன். "பாட்டி டாக்டருக்கே டாக்டர்" என்று சிரித்தாள். இரண்டு நாளாகக் கொஞ்சம் தலைவலி. பரீட்சைத் தாள் திருத்துகிறாள், அதனால் இருக்கும். விரலில் மோதிரம் இறுக்குகிறது என்று கழற்றி வைத்திருக்கிறாள். சாயங்காலமானால் கால் கொஞ்சம் ஊதுகிறது. எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது, இந்தச் சமயத்தில் யாருக்குத்தான் கால் வீங்காது? "பாட்டிக்கு எழுதிடாதீங்க அத்தைப் பாட்டி, ராத்திரியோட ராத்திரியா கிளம்பி வந்துடும்" என்றாள். நான்தான் ஒளிக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

பழசைக் கிளறி என்ன ஆகப் போகிறது? நானும் அன்று பெரியவள் இல்லை.

உங்கள் நாத்தனார்


மார்ச் 12, வியாழன்

அடி பாவி,

அதே வாய். அதே வார்த்தை. ஐம்பது வருஷத்தில் அதில் ஒரு பல்கூட விழவில்லையா?

நாலு தரம் போன் செய்தேன். உன் சலவை மெஷின் இரைச்சலில் மணி எங்கே கேட்கும்! அவளோ பள்ளிக்கூடத்தில் போனை அணைத்து வைத்திருக்கிறாள். அதனால் மகன் கையில் இதைக் கொடுத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். அவன் வாசலில் நிற்கும்போதே இதைப் படி. படித்து முடிப்பதற்குள் செருப்பைப் போடு.

மோதிரம் இறுக்குகிறது என்றால் கை வீங்குகிறது. தலைவலிக்குப் பரீட்சைத் தாள் காரணமில்லை.

உள்ளே ஒரு நூல் வைத்திருக்கிறேன். இஸ்திரி மேஜைத் துணியிலிருந்து உருவியது. அந்த ஏழாம் மாதம் வாராவாரம் என் கணுக்காலைச் சுற்றிப் பார்த்து முடிச்சுப் போட்டேன். ஐந்து முடிச்சு, ஒவ்வொன்றும் முன்னதைவிடத் தள்ளி. இத்தனை வருஷமாக அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். இதை வைத்து அவள் காலை அளந்துகொண்டு உட்காராதே. நான் செய்த முட்டாள்தனம் அதுதான். நூலுக்கு வீக்கம்தான் தெரியும், ரத்த அழுத்தம் தெரியாது. நான் நூலை நம்பினேன், உன்னை நம்பினேன். இரண்டும் என்னை ஏமாற்றின.

இன்றைக்கே. இப்போதே.


மார்ச் 16, திங்கள்

அண்ணி,

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் மகன் போனில் விவரம் சொல்லியிருப்பான். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும்.

அவன் வந்து நின்றதும் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். "இந்தப் பீரியட் முடிஞ்சதும் வரேன் அத்தைப் பாட்டி" என்றாள். பிள்ளைகள் முன்னாலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். ரத்த அழுத்தம் நூற்று எழுபது. சிறுநீரிலும் கோளாறு. "நாளைக்குக் கொண்டு வந்திருந்தா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா" என்றார் டாக்டரம்மா. இரண்டு நாள் மருந்து ஏற்றிப் பார்த்து, சனிக்கிழமை அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள், தானாக மூச்சு விடுகிறாள். தாய்க்கு அழுத்தம் இறங்கி வருகிறது. இன்னும் சில நாள் பார்க்க வேண்டுமாம்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாற்பது விரிப்பு நாளில் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகக் கிளம்பிச் செருப்பைத் தேடினீர்கள். கிடைக்கவில்லை. கஞ்சித் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தது நான்தான். விடிந்ததும் விரிப்பு வராவிட்டால் அதோடு எங்களை நிறுத்திவிடுவதாக ஓட்டல்காரர் சொல்லியிருந்தார். அதைவிட்டால் கடைக்கு வேறு பிழைப்பில்லை. ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தேன். அண்ணனிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

நூலைத் திருப்பி அனுப்புகிறேன். முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை.

நாலு நாளாக இந்தப் பெஞ்சுதான். என் செருப்பே எனக்குச் சேரவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது. அதனாலென்ன, இந்த வயதில் யாருக்குத்தான் கால் வீங்காது.

நாத்தனார்


மார்ச் 19, வியாழன்

நாத்தனாருக்கு,

செருப்பு விஷயம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன். இடது வாரில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. உன் அண்ணனிடம் நானும் சொல்லவில்லை. நீயாக வந்து சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வருஷம் எடுத்துக்கொண்டாய்.

மன்னிக்கவில்லை. எழுதி வைத்துக்கொள். நீ அவளை வகுப்பிலிருந்து இழுத்து வந்ததும் எனக்கு மறக்காது, செருப்பும் மறக்காது. இதை அதில் கழிக்க மாட்டேன்.

ஆனால் மூன்றாம் தரமாக அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாய். எழுபத்திரண்டு வயதில் கால் வீங்கி மூச்சு வாங்கினால் அது இதயமாக இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம். நீ உட்கார்ந்திருப்பதே ஆஸ்பத்திரி பெஞ்சு, எழுந்து பத்தடி நடந்து சீட்டு எடுத்துக் காட்டுவதற்கு உனக்கு என்ன கேடு? எந்த ஓட்டல் விரிப்பு காத்துக் கிடக்கிறது? மகனிடம் சொல்லிவிட்டேன், நீ மறுத்தால் தூக்கிக்கொண்டு போவான்.

இதை இன்றைய பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளைக் காலை பஸ்ஸில் நானே வருகிறேன். கொள்ளுப்பேத்தியைப் பிறகு பார்க்கிறேன், பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறாள். முதலில் உன் காலைக் காட்ட வேண்டும்.

அண்ணி