அப்பாவின் திதிக்கு வராதது பற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நலம். போனில் நீங்கள் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டீர்கள்; அதனால்தான் எழுதுகிறேன்.

திதிக்கு முதல் நாளே புறப்படப் பையைக் கட்டி வைத்திருந்தேன். அன்று காலை, இங்கே மலாக்காவில், பத்து பெரண்டாமில் நான் கணினி பார்க்கும் டயாலிசிஸ் சென்டரில் பேக்கப் மென்பொருள் நின்றுபோனது. நோயாளிகளின் விவரங்களை அது தினமும் நகலெடுத்து, வெளியாள் படிக்க முடியாதபடி என்கிரிப்ஷன் போட்டு வேறு ஊர்க் கணினிக்கு அனுப்பும். அந்தக் கணினியோடு இணைப்பைத் திறந்தவுடனே கிராஷ் ஆனது.

என்னோடு வேலை செய்யும் அஸ்லாம், "அண்ணே, என்கிரிப்ஷன ஆஃப் பண்ணா ஓடுதுலா. அப்படியே விட்டுட்டு நீங்க பஸ் ஏறுங்க," என்றான்.

"வழியில யாராவது படிச்சிட்டா? எல்லாம் நோயாளிங்க விஷயம்டா," என்றேன்.

என்கிரிப்ஷனுக்கான பழைய கோப்பு ஒன்று புதியதோடு சேர்ந்தே கிடந்திருக்கிறது. மென்பொருள் அந்தப் பழையதை எடுத்துக்கொண்டுதான் விழுந்தது. அதைக் கண்டுபிடித்து நீக்கியதும் ஓடியது. அதற்குள் இரவாகி, ஈப்போவுக்குக் கடைசி பஸ் போய்விட்டது.

சித்தப்பா மகன் விமலன்தான் என் இடத்தில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டானாம். ஒரு நாள் பேக்கப்பையே நிறுத்திவிட்டு நான் வந்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. பஸ் போன பிறகுதான் அது தோன்றியது, அம்மா.

அப்பா லாரி ஓட்டும்போது போடும் ஜாக்கெட்டை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். விமலன் இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புங்கள். இங்கே ஏர்கோன் அறை ரொம்பக் குளிர்.

அஸ்லாம் கூப்பிடுகிறான். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகன்,
கவிநேசன்