மைலோவில் கலந்த மருந்து

என் அருமைப் பிலோ அக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய், வருகிற புதன்கிழமையோடு ஓராண்டு. காலைப் பூசையை உனக்காக ஒப்புக்கொடுக்கக் கோயிலில் சொல்லி வைத்திருக்கிறேன். உன் படத்துக்குக் கீழே நான்கு வரி போட்டுப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று ஜோசப் சொன்னான். நான்கு வரியில் முடிகிற காரியம் இல்லை. உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. பிள்ளை வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூட இருந்து கேட்டாலும் நல்லதுதான்.

நம் பெக்கியைப் பற்றியது. உனக்குத் தெரியாததா? படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பெக்கி என் மகன் ஜோசப்பின் மகள், எட்டு வயது. ஐந்து வயதில் கூலாய் வீட்டு ஹாலில் அவளுக்கு முதல் வலிப்பு வந்தபோது நல்லவேளையாக நீ இருந்தாய். குழந்தைகள் வார்டில் முப்பது வருடம் தாதியாக இருந்தவள் நீ. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினாய்: "டேய் அருளு, கையைப் பிசையாத. கடிகாரத்தைப் பாரு. எத்தனை நிமிஷம்னு சொல்லு!"

மருந்து ஆரம்பித்த பிறகு வலிப்பு நின்றது. அப்போதே ஸ்டெல்லாவிடம் சொல்லி வைத்தாய்: "நின்னுடுச்சேன்னு நிறுத்துற மருந்து இல்ல இது. டாக்டர் சொல்லாம நிறுத்தினா திரும்ப வரும். கோபமா வரும்."

நீ போன பிறகு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. மருமகள் ஸ்டெல்லாவை நான் குறை சொல்ல மாட்டேன். மருந்து குடித்த பிள்ளை வகுப்பில் தூங்கி வழிந்தாள். பள்ளியில் இரண்டாம் ஆண்டு முடியப்போகிறது, எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. வேறு வகுப்புக்கு மாற்றலாமா என்று டீச்சர் கேட்டார். மருத்துவமனைக்குப் போனால் காலையிலிருந்து மதியம் வரை காத்திருக்க வேண்டும், உள்ளே ஐந்து நிமிடம். ஸ்டெல்லா செனாயில் தொழிற்சாலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்த ஐந்து நிமிடத்துக்காகப் போய் வருவாள். வரும்போது முகம் வாடியிருக்கும்.

அப்போதுதான் கூட வேலை செய்கிற யாரோ தெப்ராவில் ஒரு சிகிச்சை நிலையம் இருப்பதாகச் சொன்னார்கள்.

டயர் கடைக்கு மேலே, கடைவீட்டின் இரண்டாவது மாடி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் செராய் என்கிற எலுமிச்சைப்புல் வாசனை. நடத்துகிற அம்மாளை எல்லாரும் 'மேடம்' என்கிறார்கள். பிள்ளைகளின் செருப்புக்குள் சின்னச் சின்னக் காந்தம் வைப்பார். உள்ளங்காலை அழுத்துவார். இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் காதுக்குப் பின்னால் பிடிப்பார். அந்த ரீங்காரம் மூளையின் தூங்குகிற பகுதியை எழுப்புமாம். சுவர் நிறையச் சான்றிதழ்கள். முதல் நாள் கூடப் போயிருந்த நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றிலும் 'கலந்துகொண்டார்' என்றுதான் இருந்தது. 'தேறினார்' என்று ஒன்றில்கூட இல்லை.

பிள்ளைக்கு என்ன மருந்து, எவ்வளவு அளவு என்று அவர் கேட்கவே இல்லை. "மருந்து மூளைக்கு மூடி போடுது. மூடியோட இருந்தா என் சிகிச்சை எப்படிம்மா உள்ளே போகும்?" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும், அக்கா. அந்த அம்மாள் பெக்கியோடு தரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மருத்துவமனை வாசலிலேயே அழ ஆரம்பிக்கிற பிள்ளை அங்கே வாய்விட்டுச் சிரித்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எண்ணெயில் எவ்வளவு அமிலம் என்று பார்த்தே காலத்தைக் கழித்தவன் நான். எதைக் கண்டாலும் கலப்படம் தேடுகிற புத்தி எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டதோ?

வீட்டுக்கு வந்ததும் மெல்லக் கேட்டேன். "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்தலாமேம்மா?"

"டாக்டர் பிள்ளை முகத்தையா பாக்குறாரு மாமா? கம்ப்யூட்டரைத்தான் பாக்குறாரு" என்றாள் ஸ்டெல்லா.

பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை முடித்துவிட்டு வந்த ஜோசப், "ஒரு மூணு மாசம் பாப்போம் லா, அப்பா" என்றான். நான் "சரி" என்றேன். என் வாயிலிருந்து எப்போது வேறு சொல் வந்திருக்கிறது?

மறுநாள் காலை மருந்துப் போத்தல் குப்பைக்கூடையில் கிடந்தது. எடுத்துத் துடைத்து என் அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் வைத்தேன். அக்கா, அன்றிலிருந்து நான் திருடனானேன்.

காலையில் பெக்கியைப் பள்ளி வேனில் ஏற்றுகிறவன் நான். மாலையில் ஸ்டெல்லா வருகிற வரை அவளைப் பார்த்துக்கொள்கிறவனும் நான். இரண்டு வேளையும் ஆறின மைலோ பானத்தில், டாக்டர் எழுதிய அளவு ஒரு சொட்டுப் பிசகாமல் கலந்து கொடுத்தேன். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை பஸ் ஏறி மருத்துவமனை மருந்தகத்துக்குப் போவேன். எங்கே போனீங்க என்று கேட்டால் வங்கிக்கு என்பேன்.

மூன்றாம் நாளே பெக்கி கண்டுபிடித்துவிட்டாள்.

"தாத்தா, இது அம்மா வேணாம்னு சொன்ன சிரப்புதானே?"

"இல்லம்மா, இது வந்து... சத்து."

"பொய் சொல்லாதீங்க தாத்தா. உங்க காது சிவந்து போச்சு." முழுவதையும் குடித்துவிட்டுக் குவளையை என் கையில் கொடுத்தாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

படிக்க வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்கிற பிள்ளை என்னை ஒரே பார்வையில் படித்துவிட்டாள். பெற்ற தாயிடம் மறைக்க எட்டு வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேனே என்று அன்றே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் வலிப்பு வந்திருக்குமே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பேசியிருக்கலாம் என்ற மூன்றாவது வழி என் கண்ணில் படவே இல்லை.

நான்கு மாதம். ஒரு வலிப்புகூட வரவில்லை. ஸ்டெல்லாவின் முகம் தெளிந்தது. வேலைக்குப் போகும்போது பாட்டுகூட முணுமுணுத்தாள். தெப்ராவில் மேடத்துக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொன்றும் நடந்தது, யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஒருநாள் காலை, சாப்பாட்டு மேசையில் பெக்கியின் கரண்டி பாதியில் நின்றது. கண் திறந்திருந்தது, ஆனால் உள்ளே ஆள் இல்லை. எட்டு எண்ணினேன். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிட்டாள். விழாமலே வருகிற வலிப்பும் உண்டு என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. பிள்ளை எடை கூடியிருக்கிறாள், பழைய அளவு போதவில்லை என்பது எனக்குத் தோன்றாமல் இல்லை. சொன்னால் என் குட்டு வெளிப்படும். பேசாமல் இருந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பாய்.

போன மாதம் மருந்தகத்தில் இருந்த பெண், "அங்கிள், இந்தச் சீட்டுக்கு இதுதான் கடைசி. இனி டாக்டரைப் பார்க்கணும்" என்றாள். கையில் ஒரே ஒரு போத்தல்.

இந்த நிலையில்தான் போன சனிக்கிழமை நிலையத்தில் பெற்றோர் கூட்டம் வந்தது. பாயில் பத்துப் பன்னிரண்டு குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஜோசப்புக்கு வேலை, ஸ்டெல்லாவும் பெக்கியும் நானும் போயிருந்தோம். மேடம் ஸ்டெல்லாவைப் பேசச் சொன்னார்.

"என் மகளுக்கு நாலு மாசமா மருந்து கிடையாது. ஒரு ஃபிட்ஸ்கூட வரல" என்றாள் ஸ்டெல்லா. அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். எல்லாரும் கைதட்டினார்கள். பெக்கி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

பின் வரிசையில் மெர்சிங்கிலிருந்து வந்த ஒரு பெண். தோளில் ஐந்து வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். "அப்போ நானும் நாளையிலிருந்து நிறுத்திடவா மேடம்? இவளுக்கும் இதே வியாதிதான்" என்று கேட்டாள்.

மேடம் சிரித்தார். "நான் நிறுத்துன்னு சொல்ல மாட்டேன்மா. உங்க மனசு என்ன சொல்லுதோ அதைக் கேளுங்க. இந்தப் பிள்ளையைப் பாருங்க, போதும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மாள் தன் வாயால் ஒருபோதும் சொல்வதில்லை. என் பேத்தியைக் காட்டுகிறார். காட்டுவதற்குப் பேத்தியை நலமாக வைத்துக் கொடுத்தவன் நான். இரண்டு வேளையும் நான் ஊற்றிக் கொடுத்த மருந்து, மெர்சிங்கில் ஒரு பிள்ளையின் மருந்தை நிறுத்தப்போகிறது.

எழுந்து சொன்னேனா? இல்லை. கறிபாப் பலகாரமும் தேநீரும் வந்தன. நான் கறிபாப் சாப்பிட்டேன், அக்கா.

அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது என் கால் தானாக அவள் பின்னால் போனது. முதல் மாடி வளைவில் பிடித்துவிட்டேன்.

"அம்மா, மருந்தை நிறுத்தாதீங்க."

"ஏன் அங்கிள்? அது உங்க பேத்திதானே?"

"அவளுக்கு மருந்து நிக்கல. நான் கொடுத்துக்கிட்டிருக்கேன். யாருக்கும் தெரியாது."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அலாமாக்! நாளைக்குக் காலையில நான் மருந்து கொடுத்திருக்க மாட்டேன் அங்கிள். தெரியுதா உங்களுக்கு?" என்றாள். பிறகு எழுந்து, "வாங்க மேல. எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

"நான் அப்புறமா, வீட்டுல மெதுவா..."

"அப்புறம் எப்போ? மேல இன்னும் அத்தனை பேரு உக்காந்திருக்காங்க. இவ்ளோ பெரிய ஆளு, நடங்க!" தோளில் பிள்ளையோடு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். ஒரு பெண் என்னைக் கைப்பிடித்து இழுத்துப் போகிற அவமானம்தான் என்னைக் காப்பாற்றியது.

சொன்னேன். நின்றுகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், அளவும் வேளையும் சேர்த்துச் சொன்னேன்.

மேடம் அசரவில்லை. "சரி அங்கிள், நீங்க மருந்து கொடுத்தீங்க. நானும் சிகிச்சை கொடுத்தேன். பிள்ளை நல்லா இருந்தது என்னாலயா, உங்களாலயா? எப்படிச் சொல்வீங்க?"

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதுதான் என்னைக் குத்தியது. ஆய்வுக்கூடத்தில் மாதிரிப் புட்டியில் வேறு எதையாவது ஊற்றியவனை அன்றே வீட்டுக்கு அனுப்புவோம். மற்றவர்களிடம் கலப்படம் தேடினேன், கலந்தவன் நான்தான். இனி அந்த நான்கு மாதத்தை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

"தெரியாது மேடம்" என்றேன். "எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனாலதான் இவளைப் பாத்து யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது."

"இந்தச் சந்தேகப் புத்திதான் பிள்ளையைக் கெடுக்குது" என்றார் அவர். சிலர் தலையாட்டினார்கள். ஒரு தகப்பன் தன் மகனின் செருப்பிலிருந்து காந்தத்தை எடுத்துப் பாயில் வைத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் மருந்து நின்றிருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

காரை ஸ்டெல்லா ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றபோது முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்குத் தெரியாம என் பிள்ளைக்கு மருந்து. பிள்ளை பாவம்னு நான் வேற மருந்து ஏதாவது வாங்கிக் கொடுத்திருந்தா? ரெண்டும் சேர்ந்து ஏதாவது ஆகியிருந்தா?" பச்சை விளக்கு விழுந்ததும் வண்டியை எடுத்தாள். "நாலு மாசம் நான் நிம்மதியா இருந்தேன் மாமா. அதையும் எடுத்துட்டீங்க."

பின்னால் இருந்து பெக்கி கேட்டாள்: "இனிமே அந்த மேடத்துகிட்ட விளையாடப் போக மாட்டோமா?" ஒரு மணி நேரம் அவளோடு தரையில் உட்கார வேறு யார் இருக்கிறார்கள், சொல்?

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா போத்தலைக் கேட்டு வாங்கினாள். இப்போது மருந்தை அவளே அளந்து கொடுக்கிறாள். இனி மாலை வேளைக்குச் சீக்கிரம் வந்துவிடுவாளாம். என்னோடு பேச்சில்லை. ஜோசப் மட்டும், "என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமேப்பா" என்றான். திங்கட்கிழமை, அதாவது இன்று, ஸ்டெல்லா தொழிற்சாலையிலிருந்தே மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து நாளைக்கு நேரம் வாங்கிவிட்டாள். மெர்சிங்கிலிருந்து அந்தப் பெண் அவளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாளாம்: மகளுக்கு இன்றும் மருந்து கொடுத்தேன் என்று. அதை ஜோசப் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மதியம் டாக்டருக்காக ஒரு தாள் எழுதினேன். எந்த நாளிலிருந்து, எந்த அளவு, எப்படிக் கலந்தேன். கடைசியில், மேசையில் கரண்டி நின்ற அந்தக் காலை, எட்டு எண்ணியது, யாரிடமும் சொல்லாதது. அதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. தாளைச் சாப்பாட்டு மேசையில் ஸ்டெல்லாவின் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டேன். கையில் கொடுக்கத் தைரியம் இல்லை.

வேலையிலிருந்து வந்தவள் தாளை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி இழுபடுகிற சத்தம். நெடுநேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, என் கடைசி வரிக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒன்று இருந்தது: 'இதேபோல் இரண்டு மாதத்துக்கு முன், ஞாயிறு பூசையில், என் பக்கத்தில் நின்றபடியே. ஐந்தாறு விநாடி. நானும் யாரிடமும் சொல்லவில்லை.'

அடுக்களையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். "டாக்டர்கிட்ட நீங்களே படிச்சுடுங்க மாமா. என்னால முடியாது" என்றாள். மூன்று நாளில் என்னோடு பேசிய முதல் பேச்சு.

படிப்பேன், அக்கா. நாளைக் காலை அந்த அறையில், டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தாலும் விடாமல், இரண்டு கையெழுத்தையும் நானே படிப்பேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும். அவர் கேட்காததையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்து வருவேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்த தம்பி,
அருளப்பன்
கூலாய்